பணம் வரும் வழியும் மருத்துவமனை போகும் வழியும்

பட்ஜெட் நாளில் எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும் தலைப்புச் செய்தி ஏறக்குறைய ஒன்றுதான்: சுகாதாரத்துக்கு இத்தனை கோடி, போன ஆண்டைவிட இத்தனை சதவீதம் அதிகம். ஆளுங்கட்சி சாதனை என்கிறது, எதிர்க்கட்சி போதாது என்கிறது. வாதம் முழுக்கத் தொகையைச் சுற்றியே நடந்து முடிந்துவிடுகிறது. அந்தப் பணம் எந்தக் கணக்கின்படி மருத்துவமனைக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. படுக்கைக்கு இவ்வளவு என்று போகிறதா, நோயாளிக்கு இவ்வளவு என்றா, சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களின் தலைக்கு இவ்வளவு என்றா? ஒரே தொகையை இந்த மூன்று வழிகளில் கொடுத்தால் மூன்று வேறு வேறு மருத்துவமனைகள் உருவாகும். யாரைச் சேர்த்துக்கொள்வது, எப்போது வீட்டுக்கு அனுப்புவது, எந்தப் பிரிவை வளர்ப்பது, எதை வாட விடுவது என்பதையெல்லாம் பெருமளவுக்கு இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது.

தொகை முக்கியமில்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2001-இல் நைஜீரியாவின் அபுஜாவில் கூடி, அரசு பட்ஜெட்டில் குறைந்தது 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதி எடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. இல்லாத பணத்துக்கு வழி வகுத்துப் பயனில்லை. ஆனால் பணம் இருந்தும் மருத்துவமனைகள் தடுமாறும் நாடுகள் ஏராளம். அங்கே கோளாறு பெரும்பாலும் வழியில் இருக்கிறது.

ஒரு மருத்துவமனையின் செலவு எங்கே போகிறது என்று பார்த்தால் இது புரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த இடம் ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தால் அந்த ஓர் இடத்துக்கே நான்கு பேருக்கு மேல் வேண்டும். விடுப்பு, பயிற்சி, உடல்நலக் குறைவு எல்லாவற்றையும் சேர்த்தால் ஐந்து பேராகிவிடும். மயக்க மருத்துவர், ஆய்வகத் தொழில்நுட்பர், ரத்த வங்கி ஊழியர் என ஒவ்வோர் இடத்துக்கும் இதே கணக்கு. நள்ளிரவில் பிரசவ அறை காலியாக இருந்தாலும் இவர்கள் இருந்தாக வேண்டும். அடுத்த பத்தாவது நிமிடத்தில் ரத்தப்போக்கோடு ஒரு தாய் வரலாம். எனவே மருத்துவமனைச் செலவில் ஆகப் பெரிய பங்கு சிகிச்சைக்காக அல்ல, சிகிச்சை தரத் தயாராக இருப்பதற்காகவே போகிறது. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் அது குறையாது. சுகாதாரக் கொள்கையின் பல சிக்கல்களுக்கு வேர் இந்த ஒரு உண்மையில் இருக்கிறது.

அந்தப் பணம் முதலில் எங்கிருந்து வருகிறது என்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1883-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த சட்டம், தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து செலுத்தும் காப்பீட்டு நிதியை உருவாக்கியது. பிரிட்டனில் 1942-இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கையை ஒட்டி, 1948 ஜூலை 5 அன்று வரிப்பணத்தில் நடக்கும் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம் 1947-இலேயே டாமி டக்ளஸ் தலைமையில் எல்லோருக்குமான மருத்துவமனைக் காப்பீட்டை நடைமுறைப்படுத்தியிருந்தது. ஜப்பான் 1961-இல் எல்லாக் குடிமக்களையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. வரியா, சந்தாவா என்ற இந்த வேறுபாட்டைப் பாடப்புத்தகங்கள் பெரிதாகப் பேசுகின்றன. நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நலமாக இருக்கும்போது எல்லோரும் சேர்ந்து கட்டுகிறார்கள், நோய் வந்தவருக்கு அது போகிறது. உண்மையான பிளவு, இப்படி முன்கூட்டியே சேர்த்து வைப்பதற்கும், நோய் வந்த நேரத்தில் நோயாளியிடமே வசூலிப்பதற்கும் இடையில் இருக்கிறது.

இரண்டாவது வழி பல நாடுகளில் அரசு மருத்துவமனைகளிலேயே பரிசோதிக்கப்பட்டது. 1980-களில் கடன் நெருக்கடியில் மாட்டிய ஏழை நாடுகளுக்கு, மருத்துவமனைக்கு வருபவர்களிடம் சிறு கட்டணம் வாங்குங்கள் என்று ஆலோசனை வந்தது. 1987-இல் உலக வங்கி வெளியிட்ட கொள்கை அறிக்கை இதற்கு வலு சேர்த்தது. வருமானம் பெருகும், தேவையில்லாமல் வருபவர்கள் குறைவார்கள், தரம் உயரும் என்பது எதிர்பார்ப்பு. கென்யா 1989 டிசம்பரில் கட்டணத்தைக் கொண்டுவந்தது. நைரோபியில் பாலியல் நோய்களுக்கான அரசுச் சிகிச்சையகத்தில் என்ன நடந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். ஆண்களின் வருகை முன்பிருந்த அளவில் 40 சதவீதமாகவும் பெண்களின் வருகை 65 சதவீதமாகவும் விழுந்தது. எச்ஐவி பரவிக்கொண்டிருந்த காலம் அது. சிகிச்சை பெறாத ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு நோயைக் கடத்தக்கூடிய நிலை. ஒன்பது மாதத்தில் அரசு கட்டணத்தை நிறுத்தியது. பெண்கள் திரும்பி வந்தார்கள், முன்பைவிடக் கூடுதலாகவே வந்தார்கள். ஆண்களின் வருகையோ பழைய அளவில் 64 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. பல ஆப்பிரிக்க நாடுகளில் இப்படி வசூலான தொகை நடைமுறைச் செலவில் 5 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. இந்த 5 சதவீதத்துக்காக எத்தனை பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம் என்ற கணக்கை அரசுகள் போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கொள்கை ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

கட்டணம் வைத்தால் அவசியமில்லாதவர்கள்தான் விலகுவார்கள் என்ற நம்பிக்கை பணக்கார நாட்டிலும் பொய்த்தது. அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970-களில் தொடங்கி, ஆயிரக்கணக்கானவர்களை வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் குலுக்கல் முறையில் சேர்த்துப் பல ஆண்டுகள் கவனித்தது. கையிலிருந்து அதிகம் கட்ட வேண்டியிருந்தவர்கள் சிகிச்சையைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் பயனற்ற சிகிச்சையைக் குறைத்த அதே அளவுக்குப் பயனுள்ள சிகிச்சையையும் குறைத்துக்கொண்டார்கள். இரண்டையும் பிரித்தறிய நோயாளிக்கு வழியில்லை. சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஏழைகளில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இலவசச் சிகிச்சை தெளிவான நன்மை செய்தது. கட்டணத்தின் சுமை எங்கே போய் விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஆனால் கட்டணத்தை நீக்கிவிட்டால் மட்டும் போதாது. உகாண்டா 2001-இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை ரத்து செய்தது. கூட்டம் பெருகியது, ஏழைகள் அதிகமாக வந்தார்கள். ஆனால் பரம ஏழைக் குடும்பங்கள் மருத்துவத்துக்காகக் கையைக் கடிக்கும் அளவுக்குச் செலவழிப்பது குறையவில்லை. மருத்துவமனையில் மருந்து தீர்ந்துபோனதால் சீட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கடைக்குப் போக வேண்டியதாயிற்று என்பதையே ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகக் கருதினார்கள். ‘இலவசம்’ என்ற அறிவிப்போடு, அதுவரை கட்டணப் பணத்தில் செய்துவந்த சிறு சிறு செலவுகளுக்கான மாற்றுப் பணமும் அந்தந்த மருத்துவமனையின் கைக்குப் போயாக வேண்டும். மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து நேரடியாகப் போவது மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் அடங்கினால்தான் மருத்துவத்தால் குடும்பங்கள் நொடித்துப்போவது அரிதாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010 அறிக்கையில் சொன்னது.

சரி, பணம் திரண்டுவிட்டது. அதை மருத்துவமனைகளுக்கு எப்படிப் பிரிப்பது?

உலகெங்கும் அரசுகளுக்குக் கைவந்த முறை: போன ஆண்டு கொடுத்ததோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது. சம்பளத்துக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு என்று தலைப்பு வாரியாகப் பிரித்துக் கொடுத்து, ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது என்று கட்டும் போட்டுவிடுவது. கணக்கு தணிக்கைக்கு இது வசதி. மருத்துவமனைக்கோ, செவிலியர் பணியிடம் காலியாகக் கிடந்து சம்பளப் பணம் மிஞ்சினாலும் அதில் மருந்து வாங்க முடியாது. நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காத பணம் திரும்பப் போய்விடும் என்பதால் கடைசி மாதத்தில் கிடைத்ததை வாங்கிக் குவிக்கும் பழக்கமும் இதிலிருந்து பிறந்ததுதான்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. போன ஆண்டை அடிப்படையாக வைக்கும்போது பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே நிலைத்துவிடும். பிரிட்டனின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. 1948-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,600-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அரசின் கைக்கு வந்தன. அறக்கொடைகளில் செழித்த பெரிய மருத்துவமனைகள் லண்டனைச் சுற்றியும் நலிந்தவை வடக்கின் தொழில் நகரங்களிலும் இருந்தன. சேவை பொதுவாகிவிட்டது, பணம் மட்டும் பழைய தடத்திலேயே ஓடியது. எங்கே கட்டடமும் மருத்துவரும் ஏற்கெனவே இருந்தார்களோ அங்கேதான் செலவு இருந்தது. எங்கே செலவு இருந்ததோ அங்கேதான் அடுத்த ஆண்டும் பணம் போனது. வேல்ஸின் சுரங்கப் பகுதியில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: நல்ல மருத்துவம் கிடைக்கும் வாய்ப்பு, அது தேவைப்படும் அளவுக்கு நேர் எதிராக இருக்கிறது. 1976-இல்தான் ஓர் அரசுக் குழு, மக்கள்தொகை, வயது, இறப்பு விகிதம் ஆகியவற்றை வைத்துப் பணத்தைப் பிரிக்கும் சூத்திரத்தை முன்வைத்தது. இறப்பு விகிதம் அதிகமுள்ள பகுதிக்குக் கூடுதல் பணம். கேட்டால் எவ்வளவு சாதாரணமாகத் தெரிகிறது! எல்லோருக்கும் பொதுவான சேவை என்று சட்டம் போட்ட நாட்டுக்கே அதை எட்ட 28 ஆண்டுகள் ஆயின.

படுக்கையை அளவுகோலாக்கிய நாடுகளின் கதை வேறு. சோவியத் ஒன்றியத்தில் படுக்கைகளின் எண்ணிக்கை, பணியாளர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்தே மருத்துவமனைக்குப் பணம் வந்தது. படுக்கையைக் குறைத்தால் பணம் குறையும், யார் குறைப்பார்கள்? படுக்கைகள் பெருகின, நோயாளிகள் வாரக்கணக்கில் படுத்திருந்தார்கள். ஒன்றியம் சிதறிய பிறகு கிர்கிஸ்தான் போன்ற சிறு நாடுகளுக்குப் பெரிய பெரிய கட்டடங்கள் மிஞ்சின. பட்ஜெட்டின் பெரும்பகுதியைக் கட்டடத்தைச் சூடாக வைத்திருப்பதும் மின்சாரமும் தின்றன. மருந்துக்கு மிச்சம் இல்லை. 2001-இலிருந்து அந்நாடு பகுதி பகுதியாக, சிகிச்சை பெற்ற நோயாளியின் எண்ணிக்கைக்குப் பணம் தரும் முறைக்கு மாறியது. பல பத்தாண்டுகளாக யாரும் தொடாத கட்டடங்களை மருத்துவமனைகள் தாங்களே மூடத் தொடங்கின. உத்தரவால் நடக்காத காரியம் கணக்கு மாறியதும் நடந்தது.

அப்படியானால் நோயாளிக்கு இவ்வளவு என்று கொடுப்பதே சிறந்த வழியா? இதற்கும் நீண்ட அனுபவம் இருக்கிறது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒவ்வொரு நாள் படுக்கைக்கும் தனித்தனியாகப் பில் போட்டு வாங்கும் முறையில் பரிசோதனையும் நாட்களும் பெருகும் என்பதை விளக்கத் தேவையில்லை. காப்பீட்டுப் பணம் இருக்கும் இடத்தில் படுக்கை போட்டால் அது நிரம்பிவிடும் என்று அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர் மில்டன் ரோமர் 1950-களின் இறுதியிலேயே காட்டியிருந்தார். இதைக் கட்டுப்படுத்த, யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்சனும் உருவாக்கிய நோய்த்தொகுதி முறையை அமெரிக்க அரசு 1983-இல் முதியோர் காப்பீட்டுக்குக் கொண்டுவந்தது. டிஆர்ஜி என்று இன்று உலகெங்கும் அழைக்கப்படுவது இதுதான். நோய்களை ஏறக்குறைய 470 தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே நிலையான தொகை. ஐந்து நாள் வைத்திருந்தாலும் பத்து நாள் வைத்திருந்தாலும் அதே பணம்.

நோயாளிகள் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் உடனே குறைந்தன. அதுவரை வீணாகப் போன நாட்கள் பல இருந்தன என்பது உண்மை. இறப்பு கூடவில்லை என்பதும் பின்னர் வந்த ஆய்வில் தெரிந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: உடல்நிலை சீராகாமலே டிஸ்சார்ஜ் ஆனவர்கள் 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள்.

அடுத்து வந்தது குறியீட்டு விளையாட்டு. நுரையீரல் அழற்சியோடு வரும் முதியவரைப் ‘சாதாரண நிமோனியா’ என்ற தொகுதியிலும் போடலாம், ‘சிக்கலான சுவாசத் தொற்று’ என்ற தொகுதியிலும் போடலாம். இரண்டாவதற்குப் பணம் அதிகம். இரண்டுக்கும் இடையில் இருப்பது மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதும் ஓரிரு சொற்கள், அதைப் படித்துக் குறியீடு போடுபவரின் தீர்ப்பு, அவ்வளவே. 1989-க்கும் 1996-க்கும் இடையில், அதிகப் பணம் தரும் தொகுதியில் போடப்பட்டவர்களின் பங்கு லாப நோக்கற்ற மருத்துவமனைகளில் 10 சதவீதப் புள்ளி உயர்ந்தது. லாப நோக்குள்ளவற்றில் 23 புள்ளி. லாப நோக்கற்றதாக இருந்து லாப நோக்குக்கு மாறியவற்றில் 37 புள்ளி. கிருமி ஒன்றுதான், முதியவர்களும் அதே முதியவர்கள்தான். நிர்வாகத்தின் தேவை மட்டும் மாறியிருந்தது. அரசு காப்பீட்டுத் திட்டத்தை அறிவிக்கும்போது எத்தனை நோய்களுக்கு, எத்தனை பேருக்கு என்று பெருமையாகச் சொல்கிறது. குறியீட்டைச் சரிபார்க்க எத்தனை தணிக்கையாளர்களை அமர்த்தியிருக்கிறது என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.

மேலும், நோயாளிக்கு ஏற்பப் பணம் என்றால் நோயாளி வராத நாளில் பணமில்லை. 2020-இல் கோவிட் முதல் அலையின்போது அமெரிக்க மருத்துவமனைகள் பல நிதி நெருக்கடியில் சிக்கின. முழங்கால் மாற்று, கண்புரை போன்ற திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகள் நின்றுபோனதால் வருமானம் சரிந்தது; ஒரு பெருந்தொற்றின் நடுவில் சில மருத்துவமனைகள் ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பின. அதே நாட்டில் மேரிலாந்து மாநிலத்தின் நிலை வேறாக இருந்தது. அங்கே 2014 முதல் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்த வருமானமும் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. நோயாளி குறைந்தாலும் கூடினாலும் பெரிய மாற்றமில்லை. அதனால் அங்குள்ளவை ஒப்பீட்டளவில் நிலைகுலையாமல் நின்றன. நோயாளி மறுபடி மருத்துவமனைக்கு வராமல் பார்த்துக்கொள்வதிலும் இந்த முறையில் மருத்துவமனைக்கே லாபம் இருக்கிறது. மறுபக்கமும் உண்டு: கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலைக் குறைக்க யாருக்கும் அவசரமிருக்காது. மொத்தத் தொகை முறையை நம்பியிருக்கும் நாடுகளில் அறுவைச் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது இதனோடு தொடர்புடையது.

தாய்லாந்து இவற்றையெல்லாம் கலந்து செய்தது. அதை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அவர்கள் சரியான வரிசையில் செய்தார்கள். 2002-இல் எல்லோருக்குமான சுகாதாரத் திட்டம் வருவதற்கு இருபது ஆண்டு முன்பே, 1982 முதல் 1986 வரை, நகரங்களின் பெரிய மருத்துவமனைகளுக்கான புதிய கட்டுமானச் செலவை நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை மாவட்ட மருத்துவமனைகளுக்கும் கிராமச் சுகாதார நிலையங்களுக்கும் திருப்பினார்கள். செல்வாக்குள்ளவர்கள் போகும் மருத்துவமனைக்குப் பணத்தை நிறுத்திக் கிராமத்துக்குக் கொடுப்பது எந்த அரசியல்வாதிக்கும் எளிதல்ல. பின்னால் காப்பீட்டு அட்டை வந்தபோது அதை எடுத்துக்கொண்டு போக பக்கத்தில் ஒரு மருத்துவமனை இருந்தது. 2002 திட்டத்தில் புறநோயாளிச் சிகிச்சைக்குப் பதிவு செய்தவர்களின் தலைக்கு இவ்வளவு என்றும், உள்நோயாளிகளுக்கு ஒரு மொத்த வரம்புக்குள் டிஆர்ஜி முறையிலும் பணம் போகிறது. அவர்களும் ஓரிடத்தில் பின்வாங்க நேர்ந்தது. தொடக்கத்தில் ஊழியர் சம்பளத்தையும் தலைக்கணக்கிலேயே சேர்த்தார்கள். மருத்துவர்கள் குவிந்திருந்த பகுதிகளில் பற்றாக்குறை வந்தது, எதிர்ப்பு கிளம்பியது, சம்பளத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. பணத்தைச் சூத்திரத்தால் நகர்த்திவிடலாம், மருத்துவர்களை அப்படி நகர்த்த முடியாது.

எந்த முறையாக இருந்தாலும் முதலில் வெட்டு விழுவது பராமரிப்புச் செலவில்தான். சம்பளத்தை நிறுத்தினால் அன்றே வேலைநிறுத்தம். மருந்தை நிறுத்தினால் மறுநாள் செய்தி. கூரையைப் பழுதுபார்க்காமல் விட்டால் பத்தாண்டுக்கு யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் 2014-15 முதல் 2018-19 வரை, கட்டடத்துக்கும் கருவிக்கும் ஒதுக்கிய மூலதனப் பணத்திலிருந்து 430 கோடி பவுண்ட் அன்றாடச் செலவுக்கு மாற்றப்பட்டது. கிங்ஸ் லின் நகரில் 1980-இல் திறக்கப்பட்ட குயின் எலிசபெத் மருத்துவமனை 30 ஆண்டு ஆயுள் என்று திட்டமிட்டுக் கட்டப்பட்டது. 40 ஆண்டு தாண்டிய பிறகு அதன் இலகு கான்கிரீட் கூரையை ஆயிரக்கணக்கான முட்டுத்தூண்கள் தாங்கி நின்றன, வார்டுகளுக்குள்ளேயே, நோயாளிகளின் படுக்கைகளுக்கு நடுவிலேயே. 2023-இல்தான் அதைப் புதிதாகக் கட்டுவதாக அரசு அறிவித்தது. ஏழை நாடுகளில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 16 நாடுகளில் 1,12,000-க்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிகளின் பட்டியலைப் பார்த்தது. சுமார் 40 சதவீதம் வேலை செய்யவில்லை. கருவி வாங்கப் பணம் தருபவர்கள் கிடைக்கிறார்கள், திறப்புவிழாவில் படமெடுக்கலாம். அதை இயக்கும் ஆளுக்குச் சம்பளம், உதிரிபாகம், சீரான மின்சாரம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றுக்குப் பணம் தர ஆளில்லை. புதிய கட்டடம் என்று அறிவிப்பு வரும்போது, அதை ஆண்டுதோறும் நடத்தும் செலவு எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது, எத்தனை பணியிடங்கள் சேர்த்து அனுமதிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தாலே அந்த அறிவிப்பின் உண்மை தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு பட்ஜெட் ஆவணத்தில் ‘திருத்திய மதிப்பீடு’, ‘உண்மைச் செலவு’ என்ற பத்திகளும் இருக்கும். ஒதுக்கியதற்கும் செலவானதற்கும் இடையிலான தூரத்தை அவை காட்டும்.

காலியாக இருக்கும் படுக்கைக்கும் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற உண்மையோடு இப்போது நேருக்கு நேர் மோதிக்கொண்டிருப்பது ஜெர்மனி. 2004 அளவில் ஏறக்குறைய முழுமையாக டிஆர்ஜி முறைக்கு மாறிய நாடு அது. செவிலியர்களைக் குறைத்து அறுவைச் சிகிச்சைகளைக் கூட்டினால்தான் மருத்துவமனை பிழைக்கும் என்ற நிலை வந்ததால், 2020-இல் படுக்கையருகே பணிபுரியும் செவிலியர்களின் செலவை டிஆர்ஜி-யிலிருந்து வெளியே எடுத்துத் தனியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது: சிகிச்சைக் கட்டணத்தில் 60 சதவீதம் அளவுக்கு, நோயாளி எண்ணிக்கையைச் சாராமல், தயார்நிலைக்காகவே தருவது அதன் திட்டம். படிப்படியாக நடைமுறைப்படுத்த வேண்டிய அந்தச் சட்டத்தில் இப்போதே சண்டை மூண்டிருக்கிறது. தயார்நிலைக்கான அந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்விக்குச் சட்டம் கடைசியில் நோயாளி எண்ணிக்கையிடமே திரும்பிப் போகிறது என்பது விமர்சகர்களின் குற்றச்சாட்டு. குறைந்த பிரசவங்கள் நடக்கும் கிராமப்புற மருத்துவமனை தன் பிரசவப் பிரிவை இரவும் பகலும் திறந்து வைத்திருக்க இந்தத் தொகை போதுமா என்பதில்தான் அங்குள்ள மாநிலங்களும் மத்திய அரசும் இழுபறியில் இருக்கின்றன.